இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன்: வாசகர் கேள்வி – பதில்

வகுப்பறையிலும் வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களில் எட்டுக்கு இம்மாதம் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், நடந்ததை நடந்தபடி விவரமாக எழுதியவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். பொதுவாகக் கேட்டவர்களும் தங்கள் கேள்விக்கான பதிலை அதில் காணலாம்.

கேள்வி: ஐயா, நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, "உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்" என்பேன். முப்பத்திரண்டு தாள்களிலும் இரண்டு மலைகள், நடுவில் சூரியன், மலையடியிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை, வானத்தில் நான்கு பறவைகள். எங்கள் ஊரைச் சுற்றி எங்கும் மலையே கிடையாது. இவர்களுக்குக் கற்பனையே இல்லையா?
(ஆசிரியை, மன்னார்குடி வட்டம்)

பதில்: பிள்ளைகளைக் குறை சொல்லுமுன் நீங்கள் இட்ட கட்டளையைச் சற்றுப் பாருங்கள். "பிடித்ததை வரை" என்பது கேட்பதற்குச் சுதந்திரம் போலத் தோன்றினாலும், ஒன்பது வயதுக் குழந்தைக்கு அதைவிடத் திகைப்பூட்டும் வேலை வேறில்லை. வெற்றுத்தாளை நீட்டி எதை வேண்டுமானாலும் எழுது என்றால் பெரியவர்களுக்கே கை ஓடாது. அந்தத் திகைப்பிலிருந்து தப்புவதற்காக, யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்த, தவறு நேராது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு படத்துக்குள் குழந்தை போய் ஒளிந்துகொள்கிறது. அதே படத்தை நானும் வரைந்திருக்கிறேன், நீங்களும் வரைந்திருப்பீர்கள். ஆகவே அவர்களுக்கு வேண்டியது இன்னும் கூடுதலான சுதந்திரம் என்று நான் நினைக்கவில்லை. கண்முன் ஒரு பொருளும், வேலையைக் குறுக்கித் தரும் ஒரு வரம்பும் கொடுத்துப் பாருங்கள்.

பயிற்றுநராக இருந்தபோது நான் செய்துபார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டையைக் கிழித்து, ஒவ்வோர் அட்டையின் நடுவிலும் ஓர் அங்குலச் சதுரமாகத் துளை வெட்டி, பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அந்தத் துளை வழியாகத் தெரிவதை மட்டும் தாள் நிறைய வரைய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முதல் பத்து நிமிடம் ஒரே கூச்சல். ஒருவரையொருவர் துளை வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒரு பையன் சன்னலின் துருப்பிடித்த கீலுக்கு அருகே அட்டையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். ஒரு சிறுமி முன்பெஞ்சுத் தோழியின் பின்னலை வரையத் தொடங்கி, இரண்டு முறை அழித்தாள். மூன்று புரிகளில் எது மேலே போகிறது, எது அடியில் நுழைகிறது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. தினமும் தன் தலையில் பின்னிக்கொள்கிற பின்னல்தான்! கடைசியில் தோழியின் பின்னலை அவிழ்த்து, தானே பின்னிப் பார்த்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி வரைந்து முடித்தாள். அன்று அந்த வகுப்பில் ஒரு மலையும் முளைக்கவில்லை.

இந்த வகையில் வரம்புகளை நீங்களே உருவாக்கலாம். உங்கள் வீட்டு அடுப்படி ஓர் எறும்புக்கு எப்படித் தெரியும்? மழை பெய்த மறுநாள் பள்ளி வாசலை வரை, ஆனால் பச்சை நிறத்தைத் தொடக்கூடாது. உன் செருப்பின் அடிப்பாகத்தை, தேய்ந்த இடம் உட்பட வரை. நிபந்தனை எவ்வளவு குறுகலோ அவ்வளவு வேறுபாடாகப் படங்கள் வரும் என்பது கேட்க முரணாகத் தோன்றும்; செய்துபாருங்கள்.

அந்த மலைப் படத்தையும் தூக்கியெறிய வேண்டாம். ஒரு நாள் அதையே வரையச் சொல்லிவிட்டு, கேள்விகளால் கலைத்துவிடுங்கள். அந்தக் குடிசையில் யார் இருக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள்? இந்த ஆற்றில் எந்த மாதம் தண்ணீர் வரும்? ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தால் தங்கள் ஊர் வாய்க்காலுக்கு எத்தனை நாளில் தண்ணீர் வந்து சேரும், முதலில் எவர் வயலுக்குப் பாயும் என்பதெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்கு உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாகத் தெரியும். தெரிந்த அந்த ஆறு தாளில் இறங்குமானால் மலை தானாகவே விலகிக்கொள்ளும். ஒரு வேண்டுகோள்: முடிந்த படங்களில் நல்லவை என்று நான்கைத் தேர்ந்து சுவரில் ஒட்டாதீர்கள். அடுத்த வாரம் முப்பத்திரண்டு பேரும் அந்த நான்கைத்தான் வரைவார்கள்.

கேள்வி: மனப்பாடம் செய்வது குழந்தைகளின் சிந்தனையைக் கொன்றுவிடும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். என் மகள் எட்டாம் வகுப்பு. வாய்ப்பாட்டையும் செய்யுளையும் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
(தந்தை, கோவில்பட்டி)

பதில்: சொல்லாதீர்கள். படைப்பாற்றலைப் பற்றிய பேச்சில் மனப்பாடத்தைத் திட்டுவது ஒரு சடங்காகிவிட்டது. நினைவில் எதுவுமே இல்லாத மனம் எதை எடுத்து எதனோடு சேர்க்கும்? வெண்பாவின் ஓசை காதில் ஊறியிராதவரால் கேட்ட மாத்திரத்தில் ஓர் ஈற்றடிக்கு முன்னடிகள் கட்ட முடியாது. காளமேகப் புலவர் ககர வரிசை எழுத்துகளை மட்டும் கொண்டு ஒரு வெண்பா பாடினார். விளையாட்டுப் போலத் தோன்றும் அந்தச் சாதனைக்குப் பின்னால், யாப்பு முழுவதும் யோசிக்காமலேயே நாவில் வந்து நிற்கும் அளவுக்கு ஏறிய பயிற்சி இருக்கிறது. தளை தட்டுகிறதா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அந்த விளையாட்டுக்கு நேரமிருக்காது.

கணிதத்தில் நமக்கு நன்கு தெரிந்த சான்று இராமானுஜன். கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, 1903 வாக்கில், அவர் கையில் கிடைத்தது ஜார்ஜ் கார் என்பவர் தேர்வு மாணவர்களுக்காகத் தொகுத்த, ஏறத்தாழ 5000 முடிவுகள் அடங்கிய ஒரு நூல். அதில் பெரும்பாலும் முடிவுகள்தாம் இருந்தன. நிறுவும் வழி சுருக்கமாகவோ இல்லாமலோ இருந்தது. ஒருவகையில் இன்றைய 'கைடு' போன்ற நூல்தான் அது. ஆனால் அவர் அந்த முடிவுகளை ஒப்பிப்பதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்பதைத் தாமே கண்டுபிடிக்க முனைந்தார். தாள் விலையேறிய பொருளாக இருந்ததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். (இங்கே ஓர் எச்சரிக்கை: கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரித் தேர்வில் அவர் தோற்றதையும், உதவித்தொகையை இழந்ததையும் சில மாணவர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுகிறார்கள். தோற்றவர் எல்லாரும் இராமானுஜன் ஆகிவிடுவதில்லை.)

ஆக, நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் மகள் எதை மனப்பாடம் செய்கிறாள் என்பதைத்தான். வாய்ப்பாடு நல்ல முதலீடு. செய்யுள் அதைவிட நல்ல முதலீடு. ஆனால் 'மழைக்கால மாலை ஒன்று' என்ற தலைப்பில் வேறொருவர் எழுதிய கட்டுரையை முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் இரண்டு மேற்கோள் என்று அப்படியே உருப்போடுகிறாள் என்றால், அதை நிறுத்தலாம். தான் நனைந்த மழையைப் பற்றி எழுதுவதற்குக்கூட அடுத்தவர் சொற்களைக் கடன் வாங்க வேண்டும் என்பதை அந்தப் பயிற்சி அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். கட்டுரையை மூடி வைத்துவிட்டு, சென்ற மழையில் வீட்டில் எந்த இடத்தில் ஒழுகியது, அங்கே எந்தப் பாத்திரத்தை வைத்தீர்கள் என்று கேளுங்கள். முதல் பத்தி வந்துவிடும்.

கேள்வி: நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். வகுப்பில் கேள்வி கேட்டால் அதே இரண்டு கைகள்தாம் உயர்கின்றன. மற்றவர்கள் வாயைத் திறப்பதே இல்லை. யோசிக்கவே மாட்டேன் என்கிற இந்த மாணவர்களை என்ன செய்வது?
(ஆசிரியர், தருமபுரி)

பதில்: அவர்கள் யோசிப்பதற்கு நீங்கள் எத்தனை விநாடி தருகிறீர்கள்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதைக் கணக்கிட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள், வேறொருவரை எழுப்பினார்கள், அல்லது தாமே பதிலைச் சொல்லிவிட்டார்கள். இந்த இடைவெளியை மூன்று விநாடியாக நீட்டியபோது, மாணவர்களின் பதில்கள் நீண்டன. 'தெரியாது' என்பது குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காதவர்கள் பேசினார்கள். மாணவர்களே எதிர்க்கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள்.

மூன்று விநாடி என்ன பெரிய காரியம் என்று தோன்றும். நாற்பது முகங்களுக்கு முன்னால் பேசாமல் நிற்கும்போதுதான் அது எவ்வளவு நீளம் என்பது தெரியும். பயிற்சி வகுப்புகளில் ஆசிரியர்களுக்கு நான் ஓர் உபாயம் சொல்வதுண்டு: கேள்வியைக் கேட்டுவிட்டு, காலணிக்குள் கட்டைவிரலை மூன்று முறை மெதுவாக அழுத்துங்கள், அதற்குப் பிறகே வாயைத் திறக்கலாம். மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகும் அதே மூன்று அழுத்தல். 'சரி', 'தவறு' என்று உடனே தீர்ப்பு வராவிட்டால், சொன்னவரே தம் பதிலைத் திருத்திக்கொள்வதையும், பக்கத்திலிருப்பவர் "இல்லை சார்" என்று தொடங்குவதையும் காண்பீர்கள்.

காத்திருப்பதற்குத் தகுந்த கேள்வியாகவும் அது இருக்க வேண்டும். "ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான வாயு எது?" என்று கேட்டுவிட்டு மூன்று விநாடி நிற்பதால் பயனில்லை. "மொட்டை மாடியில் கிடக்கும் தொட்டித் தண்ணீரில் பாசி பிடிக்கிறது, மூடிய தொட்டியில் ஏன் பிடிப்பதில்லை?" என்று கேட்டால் நிற்கலாம்.

அந்த இரண்டு கைகளையும் நீங்கள் வீணாக்க வேண்டாம். பவணந்தி முனிவரின் நன்னூல் மாணவரின் கல்வியைப் பங்கு பிரித்துக் காட்டும்போது, ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்கு என்கிறது. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் வருவது. நம் திண்ணைப் பள்ளிகளில் இதன் நடைமுறை வடிவமாகச் சட்டாம்பிள்ளை இருந்தான். சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கவும் செய்து, அந்த அனுபவத்தை 1797-ல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. பரவிய இடத்தில் செலவைக் குறைக்கும் உத்தியாகவும், வெறும் ஒப்பித்தலாகவும் சுருங்கிப்போனது என்பதையும் சொல்ல வேண்டும்; ஒரு முறையை மட்டும் பெயர்த்தெடுத்துப் பெருக்கினால் பெரும்பாலும் நேர்வது அதுதான். உங்கள் வகுப்பில் அந்த இருவரும் ஒப்புவிக்க வேண்டியதில்லை; பேசாத இருவருக்கு ஒரு பாடத்தை விளக்கிவிட்டு, அவர்கள் கேட்ட கேள்வியை உங்களிடம் கொண்டுவரட்டும்.

கேள்வி: ஆய்வகம் கிடையாது, பொருள் வாங்க நிதியும் கிடையாது. புதுமையாகக் கற்பியுங்கள் என்கிறார்கள். எதை வைத்து?
(தலைமை ஆசிரியர், உடன்குடி அருகில்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆசிரியரின் புதுமை என்பது நிதி ஒதுக்காமல் இருப்பதற்கு ஒரு சாக்காகிவிடக் கூடாது. ஆய்வகத்தைக் கேட்டு எழுதிக்கொண்டே இருங்கள். அது வருகிற வரையில் தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 1972-ல் 16 கிராமப் பள்ளிகளில் தொடங்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளரான அரவிந்த் குப்தா 1970-களின் இறுதியில் அங்கே போய்ச் சேர்ந்து, சைக்கிள் வால்வு டியூப்பையும் தீக்குச்சிகளையும் கொண்டு ஒரு கட்டுமான விளையாட்டை உருவாக்கினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. செய்முறை மிக எளிது. தீக்குச்சிகளின் மருந்தைச் சுரண்டிவிடுங்கள். இந்த வேலையை நீங்களே செய்துவிடுவது நல்லது. வால்வு டியூப்பை விரற்கடை நீளத் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் முழங்கை போல மடங்கும் ஒரு மூட்டு கிடைக்கும். நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் செய்து ஒரு மூலையை அழுத்தச் சொல்லுங்கள். அது சாய்ந்து கோணலாகும். மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் செய்து அழுத்தச் சொல்லுங்கள், அசையாது. பிள்ளைகள் மாறி மாறி அழுத்திப் பார்ப்பார்கள். சன்னல் வழியாகத் தெரியும் செல்போன் கோபுரத்தில் ஏன் இத்தனை குறுக்குக் கம்பிகள் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. யாராவது ஒரு பிள்ளையே சொல்லிவிடும்.

அடுத்து ஒரு புதிர்: ஆறே குச்சிகளால் நான்கு முக்கோணங்கள் செய்ய வேண்டும். மேசையில் பரப்பி வைத்துத் தேடுகிற வரையில் விடை கிடைக்காது. யாரோ ஒருவர் குச்சியை மேசையிலிருந்து மேலே தூக்க வேண்டும். (டியூப்பில் முள்ளால் ஒரு துளையிட்டால் மூன்றாவது குச்சியும் அந்த மூட்டில் சேரும்.) விடையைச் சொல்லிவிடாதீர்கள், இரண்டு நாளானாலும் சரி.

உங்கள் ஊர் பனைக்குப் பெயர்போனது. நுங்கு தின்ற பின் மிஞ்சும் காய்கள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடாத பிள்ளை அங்கே இருக்க முடியாது. ஒரு காய் பெரிதும் மற்றது சிறிதுமாக இருந்தால் அந்த நுங்கு வண்டி எந்தப் பக்கம் திரும்பும், ஏன்? ஒரு பாடவேளை முழுவதற்கும் போதுமான கேள்வி அது.

கேள்வி: என் நான்கு வயது மகன் எப்போதும் வரைந்துகொண்டே இருப்பான். ஊக்கப்படுத்தலாம் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஸ்டார் ஸ்டிக்கரும், ஐந்து ஸ்டார் சேர்ந்தால் ஒரு சாக்லேட்டும் கொடுத்தேன். இப்போது இரண்டு கோடு கிழித்துவிட்டு ஸ்டாரைக் கேட்கிறான்.
(தாய், சென்னை)

பதில்: உங்கள் வீட்டில் நடந்ததை 1973-ல் மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் சோதனையாகவே செய்துவிட்டார்கள். வண்ணப் பேனாவால் வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு, சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களைப் பொதுவில் வைத்தபோது, பரிசைச் சொல்லி வரையவைத்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. கெடுத்தது பரிசைவிட, 'இதைச் செய்தால் அது' என்ற பேரம்தான்.

ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் அழுவான். படத்தைக் கொண்டுவந்தால் "சூப்பர்" என்று சொல்லித் தள்ளிவிடாமல், "இந்த யானைக்கு ஏன் ஐந்து கால்?" என்று உட்கார்ந்து கேளுங்கள். காரணம் நிச்சயம் வைத்திருப்பான்.

கேள்வி: பின்னலாடை நிறுவனத்தில் வேலை. மாதம் ஒரு முறை எல்லாரையும் உட்காரவைத்து 'ஐடியா' கேட்கிறார்கள். மேலாளர் முதலில் பேசுகிறார். கடைசியில் அவர் சொன்னதே முடிவாகிறது. கூட்டமாக யோசித்தால் நல்ல யோசனை வரும் என்பது உண்மையா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: கூடி யோசிக்கும் முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். குழுவாக யோசித்தால் யோசனைகள் பெருகும் என்பது அவர் வாக்கு. 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தபோது, நால்வர் கூடி யோசித்ததைவிட, நால்வர் தனித்தனியே யோசித்து எழுதியதைத் தொகுத்தபோதே வேறுபட்ட யோசனைகள் அதிகம் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது தம் யோசனை மறந்துவிடும், அல்லது சொல்லக் கூச்சம் வந்துவிடும். அடுத்த கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் எல்லாரும் பெயரெழுதாத துண்டுச்சீட்டில் எழுதட்டும், பிறகு ஒருவர் எல்லாவற்றையும் படிக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். தையல் பிரிவிலிருப்பவரின் சீட்டும் அதில் இருந்தால் நல்லது. துணி எங்கே வீணாகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். மேலாளர் ஒப்புக்கொள்வாரா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: மேசையில் உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. குளிக்கும்போதும் பேருந்திலும்தான் நல்ல யோசனை வருகிறது. அப்படியானால் மேசையில் உட்காருவது வீண்தானே?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்கரேக்கும் ஒரு முக்கியமான விடை, பயணத்தின் நடுவே வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில்தான் தோன்றியது. அதற்கு முன் பதினைந்து நாள் அவர் தினமும் மேசையில் உட்கார்ந்து தோற்றிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் மறுபடி உட்கார்ந்து அதைச் சரிபார்த்தார். நீங்கள் பேருந்தில் வந்ததை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, முன்னதையும் பின்னதையும் விட்டுவிட்டீர்கள்.

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கதை, கவிதை, ஓவியம் எதுவும் வராது. தெரிந்ததெல்லாம் சமையலும் சிக்குக் கோலமும்தான். கோலமும் அம்மாவின் பழைய நோட்டைப் பார்த்துப் போடுவது. படைப்பாற்றல் என்று பேசுகிறவர்கள் எங்களைப் போன்றவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறார்களா?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: சேர்க்காமல் பேசுகிறவர்களின் பேச்சை நீங்கள் கேட்க வேண்டியதில்லை. ஆனால் சமையலும் கலைதான், கோலமும் கலைதான் என்று ஆறுதல் சொல்லி இந்தக் கடிதத்தை முடிக்கவும் எனக்கு மனமில்லை. பார்த்துப் போடுவது பயிற்சி. அதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது, அது உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலங்களை எடுத்துக்கொண்டு, சிறிய வடிவிலிருந்து பெரிய வடிவு எந்த விதிகளால் வளர்கிறது என்று கணினி அறிவியலின் மொழியில் ஆராய்ந்து, 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு என்பது அவர்கள் கண்டது. உங்கள் அம்மாவின் நோட்டு அந்த மொழியில் எழுதிய வாக்கியங்களின் தொகுப்பு. இலக்கணம் பிடிபட்டால் புதிய வாக்கியத்தை நீங்களே எழுதலாம்.

நாளைக் காலை வாசலில் இதைச் செய்துபாருங்கள். வரிசைக்கு மூன்று புள்ளியாக நான்கு வரிசை, நேர்ப்புள்ளி. மேலும் கீழும் பக்கவாட்டிலும் அடுத்தடுத்துள்ள ஒவ்வொரு சோடிப் புள்ளிக்கும் நடுவில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்ட வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். இந்த விதியை மீறாமல் இழுத்துக்கொண்டே போனால், கையை எடுக்காமல் பன்னிரண்டு புள்ளிகளையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள், ஒரே இழை. மறுநாள் நான்கு புள்ளி, நான்கு வரிசை போடுங்கள். அதே விதிதான், ஆனால் இழை பாதியிலேயே மூடிக்கொள்ளும். முழுக் கோலத்துக்கும் நான்கு தனித்தனி இழைகள் வேண்டியிருக்கும். நான்கு புள்ளி, ஆறு வரிசை என்றால் இரண்டு இழை. பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணி நினைவிருக்கிறதா? இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண். மூன்றுக்கும் நான்குக்கும் அது ஒன்று, நான்குக்கும் ஆறுக்கும் இரண்டு. இழைகளின் எண்ணிக்கை எப்போதும் அதுவேதான்.

இப்போதுதான் உங்கள் முறை. நான்குக்கு நான்கில் கிடைத்த நான்கு இழைகளையும் ஒரே இழையாக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே குறுக்கே போகவிடாமல் இரண்டையும் முதுகோடு முதுகாக வளைத்துத் திருப்பிவிட்டால், அந்த இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்று இடங்களிலாவது இப்படிச் செய்தாக வேண்டும். எந்த மூன்று என்பதைப் பொறுத்துக் கோலத்தின் முகமே மாறும். நான்கு மூலைகளும் ஒத்திருக்குமாறு செய்ய நினைத்தால் மூன்று போதாமல் போகலாம். இது அம்மாவின் நோட்டில் இருக்காது. முதலில் சிலேட்டில் போட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் வாசலில் இடுங்கள். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில், தேதியோடு, அம்மாவின் கோலங்களுக்கு அடுத்தபடியாக வரைந்து வையுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.